கோட்டையைப் பிடிக்கச் சிறந்த வழி எது?

புதிதாகச் சரித்திரம் படிப்பிக்க வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

உங்கள் கருத்தரங்குக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். தலைப்பையும் நீங்களே தந்துவிட்டீர்கள்: ‘வகுப்பறையில் உள்ளூர் உதாரணங்களின் பயன்’. முப்பத்திரண்டு வருடம் கொழும்பில் ஏ.எல். என்ற உயர்தர வகுப்புக்கு இடைக்கால ஐரோப்பாவைப் படிப்பித்தவன் நான். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். என்னிடம் படித்ததை மறந்துவிட்டவர்கள் இன்னும் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். உள்ளூர் உதாரணத்துக்கு என்னைவிட்டால் ஆளில்லை என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போலும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் இருக்கும் உதாரணம் தேநீருக்கு முன்னர் வாசிக்கத் தக்கதல்ல. தேநீருக்குப் பின்னரும் அல்ல. எங்கே செருகுவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில் இருந்தது. மேட்டு நிலம் என்பதால், மாடி வகுப்பின் யன்னலால் பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலைகள் தெரியும். நான் குடியிருந்தது வெள்ளவத்தையில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில். காலையில் ரயில், பிறகு பஸ், பிறகு படிக்கட்டு. வகுப்புக்குள் நுழையும்போது எனக்கு மூச்சு வாங்கும். அதைப் பிள்ளைகள் பாடத்தின் மீதுள்ள உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

ஐரோப்பிய வரலாறு என் பாடம். பக்கத்து வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிப்பித்தவர் ஒரு முஸ்லிம் டீச்சர். என்னைவிட ஆறேழு வயது இளையவர், என்னைவிட இருபது வருடம் புத்திசாலி. பெயரை இங்கே எழுதுவதை அவர் விரும்பமாட்டார், ஆகவே டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் இருவருக்கும் ஒரே பிள்ளைகள், ஒரே மத்தியதரைக் கடல், ஒரே சண்டைகள். பெயர்கள்தான் வேறு.

“சேர், ஒரு நியாயம் சொல்லுங்க,” என்று ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் பிடித்துக்கொண்டார். “1453. ஒங்கட வகுப்பில ‘நகரத்தின் வீழ்ச்சி’ எண்டு எழுதுறாங்க. அதே புள்ளைகள் அடுத்த பாடத்துக்கு எனக்கிட்ட வந்து ‘வெற்றி’ எண்டு எழுதணும். நீங்க விழுத்துறதை நான் தூக்கி நிறுத்தவே இருவது நிமிசம் போகுது.”

“நான் விழுத்தேல்லை டீச்சர். நான் நோட்ஸ்தான் சொன்னனான்.”

“ஓ, அந்த நோட்ஸ். அது விழுந்தே பதினொரு வருசமாம்.”

பதினொரு வருடம் என்பது சரி. என் நோட்ஸ் முழுவதும் ஒரே ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் இருந்தது. முதல் பக்கத்தில் எழுதத் தொடங்கிய திகதி. நீல மையில் பாடம். ஓரத்தில் பென்சிலால், எந்த இடத்தில் பகிடி விட வேண்டும் என்பதற்கு ஒரு குறி: ‘இங்கே சிரிப்பு.’ ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அதே பகிடி. வகுப்பும் கடமை தவறாமல் சிரிக்கும்.

அந்தக் கொப்பியில் நான் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, சோம்பல். 1453இல் துருக்கிச் சுல்தான் பிடித்த ஊரைக் கொன்ஸ்தாந்திநோபிள் என்று நோட்ஸ் சொன்னால் பாதி வகுப்பு எழுத்துக் கேட்கும், மீதி வகுப்பு தன் இஷ்டத்துக்கு எழுதும். ஆகவே ‘நகரம்’ என்றே எழுதச் சொல்லிவிட்டேன். நியாயமும் கைவசம் வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் அந்த ஊர்க்காரரே அதை வெறுமனே ‘நகரம்’ என்றுதான் சொல்வார்கள், நாங்கள் ‘டவுனுக்குப் போறன்’ என்கிற மாதிரி.

இரண்டாவது, கெட்டித்தனம். இது சோம்பலைவிட ஆபத்தானது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு அடித்துச் சொல்லித் தந்தார்கள். அந்த முற்றுகையில் சுல்தானின் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைய முடியாதபடி, அதன் வாயின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள் அல்லவா? அதற்காக அவர் கப்பல்களைக் கரையில் ஏற்றி, கொழுப்புப் பூசிய மரக்குற்றிகள் மேல் உருட்டி, மேட்டைத் தாண்டி, மற்றப் பக்கத்தால் துறைமுகத்துக்குள் இறக்கினார். இதை எத்தனை தடவை சொன்னாலும் வகுப்பின் கண்ணில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் யன்னலால் பார்த்தேன். பாரந்தூக்கிகளின் தலை. சோக்கை எடுத்துக் கரும்பலகையில் கொழும்புத் துறைமுகத்தை வரைந்தேன். அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே சங்கிலி. முகத்துவாரக் கடற்கரையில் கப்பல்கள். அங்கிருந்து எங்கள் பள்ளிக்கூட மேட்டுக்கு ஒரு பெரிய அம்பு. மேட்டிலிருந்து துறைமுகத்துக்குள் இன்னோர் அம்பு. தெற்கே சுவர்களுக்குள் கோட்டை.

“சேர், அந்த ஏத்தத்தில த்ரீவீலரே ஏறாது,” என்றான் ஒருவன்.

“தேங்காயெண்ணெய் பூசினா ஏறும்,” என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்று பின்னேரமே கொப்பியில் பென்சிலால் குறித்து வைத்தேன்: ‘இங்கே சிரிப்பு.’

படத்தின் கீழே ஒரு பயிற்சி வினா: ‘கோட்டையைப் பிடிக்கச் சிறந்த வழி எது? ஏன்?’

அந்த ‘ஏன்’தான் என் கையெழுத்து மாதிரி. என்ன, எங்கே, எப்போது என்று யாரும் கேட்பார்கள். ஏன் என்று கேட்காதவருக்கு என் வகுப்பில் பத்துக்குப் பத்து கிடையாது என்று வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன்.

கொழும்புக்காரர் அல்லாத தம்பி தங்கச்சிமார் ஒன்றைக் கவனியுங்கள். இடைக்காலத்தில் எல்லா ஊரிலும் கோட்டை இருந்தது. கொழும்பிலோ கோட்டை என்பது ஓர் இடத்தின் பெயர். பெரிய ரயில் நிலையம், வங்கிகள், கந்தோர்கள், துறைமுக வாசல் எல்லாம் இருக்கிற இடம். இதை நான் பதினொரு வருடமும் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பதினொரு வருடத்துக்குள் வெளியே காலம் மாறிவிட்டது. தொண்ணூறுகள் வந்துவிட்டன. சந்திக்குச் சந்தி செக்பொயின்ட். பஸ்ஸில் போனால் இரண்டு தரம் இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதை வாசிக்கும் கான்ஸ்டபிளின் முகத்தை வைத்தே அன்று எங்கே குண்டு வெடித்தது என்று சொல்லிவிடுவேன். துறைமுகப் பக்கம் ஒரு அசம்பாவிதம் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இவ்வளவும் தெரிந்திருந்தும், அந்தத் தவணையிலும் நான் அதே பக்கத்தைத் திருப்பி, அதே படத்தை வரைந்து, அதே இடத்தில் தேங்காயெண்ணெய் பூசினேன். காலம் மாறியதை நோட்ஸ் கொப்பி கவனிக்கவில்லை. அதை வாசித்த சரித்திர ஆசிரியரும் கவனிக்கவில்லை.

இனி மலரைப் பற்றி. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை. கொட்டாஞ்சேனையில் சித்தியோடு ஒரு அறையில் இருந்து படித்தாள். ஐரோப்பிய வரலாறும் இஸ்லாமிய நாகரிகமும் என இரண்டையும் எடுத்திருந்தாள். இந்துப் பிள்ளை ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டபோது, “ரெண்டு புத்தகத்துலயும் ஒரே ஆளுங்கதானே சார் சண்ட போடுறாங்க, ஒரு தடவ படிச்சா போதும்ல?” என்றாள். செலவு மிச்சம் பிடிக்க இரண்டு பாடத்துக்கும் ஒரே கொப்பி. படத்தின் மேலே எனக்காக ‘நகரத்தின் வீழ்ச்சி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, டீச்சருக்காக ‘வெற்றி’ என்று எழுதியிருந்தாள். வினாவுக்கு ஒன்றரைப் பக்கத்தில் பதில். வடக்குக் கரையில் காவல் குறைவு, அதனால் முகத்துவாரத்தில் இறங்க வேண்டும், விடிவதற்கு முன் மேட்டைக் கடக்க வேண்டும், இத்தனை படகு போதும், கோட்டைக்குள் இந்த வாசலால் நுழைய வேண்டும். அழகான எழுத்து. ‘ஏன்’ என்பதை மட்டும் மறந்துபோனாள். நான் சிவப்பு மையில் எழுதினேன்: ‘மிக நன்று. துணிச்சலான திட்டம். 9/10.’ கீழே என் கையெழுத்து, ஒரு புழு நெளிகிற மாதிரி.

ஏ.எல். பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், மலர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கிராண்ட்பாஸ் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறாள். செக்பொயின்டில் இறக்கிப் பையைச் சோதித்தார்கள். கொப்பி அந்தப் பக்கத்தில் திறந்தது.

புதன்கிழமை காலை பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்னரே அவளுடைய சித்தி பள்ளிக்கூட வாசலில் நின்றார். ஒரு கார்மென்ட்ஸில் தைக்கிறவர், அந்தச் சீருடையோடு வந்திருந்தார்.

“சார், ராவு முழுக்க கேட்டாங்களாம், இத யாரு வரைஞ்சு குடுத்தது, யாரு சிவப்பு இங்க்ல எழுதுனதுன்னு. வகுப்புல, வகுப்புலன்னு மட்டும் சொல்லிருக்கு. யாரு வகுப்புன்னு சொல்லலீங்க.”

“ஏன் சொல்லேல்லை?”

“சார் யாழ்ப்பாணத்து ஆளு, பேர சொன்னா சாரயும் புடிச்சிருவாங்கன்னு.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “ஸ்டேஷன் பெரிய ஐயா மோசமில்லீங்க. பன்னெண்டு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துலருந்து யாராச்சும் வந்து இது பாடந்தான்னு காட்டுனா விட்டுர்றேன்னு சொன்னாரு. மலருகிட்டயும் சொல்லிருக்காரு. இல்லாட்டி மேலிடத்துக்கு அனுப்பிருவாங்களாம். மேல போனா அப்புறம் எப்பன்னு தெரியாதுங்க.”

பள்ளிக்கூட அதிபர் கல்வித் திணைக்களத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மணி ஏழரை. பொலிஸ் நிலையம் நடக்கிற தூரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

“நான் பதினொன்றரைக்கு வாறன்,” என்றேன். “ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ.”

பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னது யாருக்கு என்று அவருக்கு விளங்கியிருக்கும். தலையை ஆட்டிவிட்டு, வேலைக்குப் போகாமல் பொலிஸ் நிலையத்து வாசலுக்கே திரும்பிப் போனார்.

என் கணக்கு இதுதான். நான் போய் ‘வரைந்தவன் நான்’ என்று சொன்னால், அடுத்த நிமிடம் என் அறையைச் சோதிக்க வருவார்கள். அறையில் அந்தக் கொப்பி இருக்கிறது. அதில் கொழும்புத் துறைமுகம் மட்டுமா இருக்கிறது? பதினொரு வருடத்து உள்ளூர் உதாரணங்கள். ஒரு முற்றுகைக்குக் காலிமுகத் திடல், இன்னொன்றுக்குக் களனிப் பாலம், கொள்ளைநோய் பரவியதற்குக் கொழும்பு மீன் சந்தை. முதலில் அதை ஒழித்துவிட்டு, சுத்தமான ஆளாகப் போவோம். முதலாம் இரண்டாம் பாடங்களைப் படிப்பித்துவிட்டு, மூன்றாம் பாடம் ஃப்ரீ, நாலாம் பாடத்துக்கு வகுப்புத் தலைவனிடம் வாசிக்க வேலை கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆம், முதலாம் இரண்டாம் பாடங்களைப் படிப்பித்தேன். ஒரு பிள்ளை பொலிஸ் கூட்டில் இருக்க, நான் நேரசூசியை மீறவில்லை.

அனெக்ஸுக்கு வந்து சேர பத்து மணி. கொப்பியை எரித்தால் புகை வரும், பகலில் புகை வந்தால் அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். ஆகவே குளிக்கிற அறையில் நீல வாளியில் தண்ணீர் பிடித்து, இடைக்கால ஐரோப்பாவைக் கிழித்துக் கிழித்து ஊறப்போட்டேன். நல்ல கடதாசி, லேசில் கரையவில்லை. பாப்பரசர்களையும் சக்கரவர்த்திகளையும் இரண்டு கையாலும் பிசைந்து, பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கூசில் ஊற்றினேன். அடைத்துக்கொண்டது. கம்பி தேடினேன். நீல மை முழுக்கத் தண்ணீரில் போய்விட்டது. பென்சில் போகவில்லை. வாளியின் அடியில் ஒரு துண்டில் என் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது: ‘இங்கே சிரிப்பு.’

வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு ஓடி வந்தபோது பதினொன்று பத்து. ரயில் பதினைந்து நிமிடம் தாமதம். கோட்டையில் இறங்கினால் பஸ் வரிசையில் சோதனை. பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் பள்ளிக்கூட வாசலை அடையும்போது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம்.

டீச்சர் வாசலிலேயே நின்றார். சித்தி வந்து போனதை வகுப்புப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள்.

“சேர், எங்க போன நீங்க? வாங்க, போவோம். நான் ஒங்கட வகுப்புல கொப்பியெல்லாம் பாத்திட்டேன். ஒரு புள்ளையிட்டயும் அந்தப் பக்கம் இல்ல. மலரப் புடிச்சது கேள்விப்பட்டு ராவே வீட்டுல கிழிச்சிட்டாங்களாம், இருவத்திரண்டு கொப்பியும்.”

இருபத்திரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே வேலையைச் செய்ய வைக்க நான் வருடக்கணக்கில் முயன்று தோற்றிருக்கிறேன்.

“பரவாயில்ல,” என்றார் டீச்சர். “ஒங்கட நோட்ஸ் இருக்குதானே. பதினொரு வருசத்துப் பழைய கொப்பி, முன்னுக்கு திகதியும் இருக்கு. இதெல்லாம் தொடங்க முந்தி எழுதினது எண்டு கண்ணாலயே தெரியும். அத மேசையில வெச்சா போதும், வாய் தெறக்கவே தேவல்ல. எடுங்க.”

நான் நின்றேன்.

“சேர்?”

“அது... நனைஞ்சு போச்சு டீச்சர்.”

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டைக் கையைப் பார்த்தார். முழங்கை வரை நீலம்.

“மழையே இல்ல சேர்,” என்றார்.

சான்று, மூலம், மூலத்தின் நம்பகத்தன்மை என்று தவணைக்கு ஆறு பாடவேளை படிப்பித்தவன் நான். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய ஒரே மூல ஆவணத்தை என் கையாலேயே பிழிந்து ஊற்றியிருக்கிறேன் என்பது, டீச்சர் அந்த மூன்று சொல்லைச் சொல்லும் வரை எனக்கு உறைக்கவில்லை.

பொலிஸ் நிலையத்துக்குள் போனபோது சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை தாண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். மணிக்கூட்டை ஒரு தரம் பார்த்தார், கதிரையைக் காட்டினார். மேசையில் மலரின் கொப்பிப் பக்கங்களின் போட்டோகொப்பி. சிவப்பு மை அதில் கறுப்பாக விழுந்திருந்தது. இடையிடையே யாரோ சிங்களத்தில் மொழிபெயர்த்து எழுதியிருந்தார்கள்.

“‘துணிச்சலான திட்டம்.’ யார் எழுதினது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“மம,” என்றேன். நான்.

“அப்ப நீங்கதான் அந்த ‘வகுப்பு’,” என்றார். “நல்லது.”

என் சிங்களம் மீன் வாங்கப் போதும், உயிரை வாங்கிக்கொண்டு வரப் போதாது. கோட்டை என்றால் கோட்டை அல்ல, அந்தக் கோட்டை வேறு என்று விளக்கப் போனேன். சிங்களத்திலும் இரண்டுக்கும் அதே சொல். “மே கொட்டுவ, ஏ கொட்டுவ நெமெய்,” என்றேன். இந்தக் கோட்டை, அந்தக் கோட்டை அல்ல. எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனையை நிறுத்திவிட்டு, எந்தக் கொட்டுவ என்று எழுதுவது என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தெளிவான சிங்களத்தில் முழுக் கதையையும் சொன்னார். சுல்தான், சங்கிலி, மரக்குற்றி, எல்லாம்.

“மேலே ‘நகரத்தின் வீழ்ச்சி’ என்று இருக்கிறது. பக்கத்தில் ‘வெற்றி’ என்று இருக்கிறது,” என்றார் இன்ஸ்பெக்டர். “நகரம் விழுவது இந்தப் பிள்ளைக்கு வெற்றியா?”

“அது எனக்காக எழுதினது சேர். இவர்ட பேப்பருக்கு வீழ்ச்சி, எனக்கிட்ட வெற்றி. சுவருக்கு உள்ள நிண்டா வீழ்ச்சி, வெளிய நிண்டா வெற்றி. அந்தப் புள்ள ரெண்டு பக்கமும் எக்ஸாம் எழுதுறா.”

இன்ஸ்பெக்டர் போட்டோகொப்பியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

“வரைங்க மாஸ்டர். வகுப்பில் வரைந்த மாதிரியே. பார்க்காமல்.”

தம்பி தங்கச்சிமாரே, கரும்பலகைப் பழக்கம் பொல்லாதது. கை தானாக ஓடியது. அலைதடுப்பு, சங்கிலி, முகத்துவாரம், பெரிய அம்பு, சின்ன அம்பு. முடித்துவிட்டுப் பார்த்தால், கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கும் திட்டம், என் கைப்பட, பொலிஸ் நிலையத்துத் தாளில். மலரின் படத்தோடு அம்புக்கு அம்பு பொருந்தியது.

“கையெழுத்து வையுங்க. பெயரும் எழுதுங்க. விளங்கிற மாதிரி.”

வாழ்க்கையில் முதல் தடவையாக விளங்கிற மாதிரிக் கையெழுத்து வைத்தேன்.

“ஒன்று மட்டும்,” என்றார் அவர். “பதில் நல்லாத்தான் இருக்கிறது. ஒரு மார்க் ஏன் குறைத்தீர்கள்?”

“ஏன் எண்டு எழுதேல்லை. அதுக்குத்தான்.”

டீச்சர் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“நாங்களும் இரவு முழுக்க அதைத்தான் கேட்டோம்,” என்றார்.

பிறகு தாள்களை அடுக்கினார். “நான் நம்புகிறேன் மாஸ்டர். இதையும் கோப்போடு அனுப்பி வைக்கிறேன். ஆனால் பிள்ளை இங்கே இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஜீப் வந்தது. பன்னிரண்டு என்றால் எனக்குப் பன்னிரண்டுதான்.”

வெளியே மதிலோரம் சித்தி குந்தியிருந்தார். எங்களைக் கண்டும் எழுந்து வரவில்லை. ஜீப் அவர் முன்னால்தான் போயிருக்கும்.

திரும்பி நடக்கும்போது டீச்சர் என்னைத் திட்டவில்லை. “நாளைக்கு முதலாம் பாடம் ஒங்களுக்கு,” என்றார். “புள்ளைகள் கேப்பாங்க. நனஞ்சு போச்சு எண்டு மட்டும் சொல்லாதீங்க சேர்.”

மலர் வெளியே வர ஏழு கிழமை ஆனது. அதற்குள் பரீட்சை தொடங்கி, முடிந்து, மண்டபத்து மேசைகளையும் அடுக்கி வைத்துவிட்டார்கள். அவளுடைய பரீட்சைச் சுட்டெண் ஒட்டிய மேசை கடைசி நாள் வரை வெறுமையாக இருந்தது. நான் அந்த மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கவில்லை, டீச்சர் நின்றார். அவர் சொல்லித்தான் தெரியும். நான் வரைந்து கொடுத்த படம்தான் கடைசியில் அவளை வெளியே கொண்டுவர உதவியது என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். முப்பத்திரண்டு வருடத்தில் நான் எழுதியவற்றுள் அரசாங்கம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஒரே ஆக்கம் அது. அது உதவியது என்றால் காலையிலேயே உதவியிருக்கும் என்பதையும் நான் மறக்கவில்லை.

உள்ளூர் உதாரணம் சொல்லாதீர்கள் என்று இதிலிருந்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். அந்தப் படத்தால்தான் அந்த முற்றுகை அவளுக்கு விளங்கியது. இரவு முழுக்கக் கேட்டும் அவள் கதை மாறாததற்கும் அதுதான் காரணம். என் பிழை படத்தில் இல்லை. படத்தைப் பதினொரு வருடமாக யன்னலால் வெளியே பார்க்காமல் வரைந்ததில் ஒரு பங்கு இருக்கிறது. மீதி முழுவதும் அந்தப் புதன்கிழமைக் காலையில் இருக்கிறது. பயம் வரும்போது முதலில் உங்களைச் சுத்தம் செய்துகொள்ளத் தோன்றும். கையில் இருப்பதை ஒழித்துவிட்டு, பிறகு ஆளைப் பார்ப்போம் என்று மனம் வெகு நியாயமாகப் பேசும். அந்த நேரம் உங்கள் கையில் இருப்பதுதான் அந்த ஆளின் சாட்சி. என்னைப் போல வாளி தேடாதீர்கள்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. அதை எழுதாமல் முடித்தால் டீச்சர் என்னைச் சும்மா விடமாட்டார்.

மலர் வெளியே வந்து இரண்டு வாரத்தில், விடுகைப் பத்திரம் வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஊருக்குத் திரும்புகிறாளாம். மெலிந்திருந்தாள். காரியாலயத்துக்கு வெளியே வராந்தாவில் என்னைக் கண்டதும் வழக்கம் போல எழுந்து நின்றாள். நான் பதினைந்து நாளாக ஒரு மன்னிப்பைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதைத் தொடங்குவதற்குள் அவள் கேட்டாள்.

“சார், ஒங்க நோட்ஸ் கொப்பிய ஒரு கெழமைக்கு குடுக்குறீங்களா? என் கொப்பி அவங்ககிட்ட இருக்கு, திருப்பித் தரமாட்டாங்களாம். அடுத்த வருசம் வெளியில இருந்து எழுதலாம்னு பாக்குறேன். பாத்து எழுதிட்டு பத்திரமா அனுப்பிருவேங்க.”

“அது நனைஞ்சு போச்சு மலர்,” என்றேன். டீச்சர் வேண்டாம் என்ற அதே சொல், தானாக வந்தது.

“மழையிலயா சார்?”

கேள்வியில் குத்தல் இல்லை. வெறும் விசாரிப்பு. ஆனால் ஏழு கிழமை இரவும் பகலும் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை. எந்தப் பதில் முழுசாக இல்லை என்பது அவளுக்குக் காதில் கேட்கும்.

“இல்லை,” என்றேன். “வாளியிலை. நான்தான்.”

உள்ளே எழுதுவினைஞர் முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

“என்னைக்கு சார்?”

“அந்தப் புதன்கிழமை.”

“எங்க?”

“வெள்ளவத்தையிலை. என்ர அறையிலை.”

“எத்தன மணிக்கு?”

“பத்து. பதினொரு மணி வரைக்கும்.”

“ம்,” என்றாள். கணக்கொன்று சரிவந்த மாதிரித் தலையை ஆட்டினாள். “பன்னெண்டு வரைக்கும் நான் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேங்க சார்.”

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்ப் பத்திரத்தை வாங்கினாள், நாலாக மடித்தாள், வராந்தாவால் திரும்பி வரும்போது “வரேங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு மூன்று மாதம் இருந்து அந்த நோட்ஸ் முழுவதையும் நினைவிலிருந்து திரும்ப எழுதி, ஓரத்தில் ஒரு குறியும் போடாமல், அவள் தோட்டத்து விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் திரும்பி வரவில்லை. திரும்பி வராத தபாலை நான் ஒன்றுக்கும் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

வராந்தாவில் அவள் கேட்டது முழுவதும் நான் படிப்பித்த வரிசைதான். எப்போது, எங்கே, எத்தனை மணிக்கு. ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த ஒரு மார்க்கை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.